தாய்மார் அறையின் ஸ்பீக்கர் பெட்டி

அந்த ஸ்பீக்கர் பெட்டி பதினாலு வருஷம் ஒரே ஆணியில் தொங்கியது. கறுப்புப் பெட்டி. முன்பக்கத் துணி ஒரு மூலையில் பிய்ந்திருக்கும். அது ஒரு குழந்தையின் விரல் பிய்த்தது. சனிக்கிழமை தோறும் கோயிலைக் கூட்டுகிற வேலை என்னுடையது. அந்த அறையையும் கூட்டுவேன். பெட்டியை மட்டும் துடைக்க மாட்டேன். தூசு படியட்டும் என்று விட்டுவிடுவேன்.

கிருஷ்ணகிரியில் எங்கள் வேதக்கோயில் சின்னது. முன்னெல்லாம் தரையில் ஜமுக்காளம் விரித்துத்தான் உட்காருவோம். பிள்ளைகள் மடி மாறி மடி போவார்கள், தூங்குவார்கள், எழுவார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பிறகு நாற்காலி வந்தது. பிள்ளை இழுத்தால் கிறீச்சென்றது. உதைத்தால் முன்னால் இருப்பவர் முதுகில் பட்டது. அப்போதுதான் பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது ஆகவில்லை. ஒரு திருவிருந்து நாளில் ஆயர் என் கையில் அப்பம் வைத்ததும் அவளும் கையை நீட்டினாள். "எனக்கு?" என்றாள். ஆயர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். "எனக்கும் தா!" என்று கத்தினாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என்னமோ திருடிவிட்டு வந்தமாதிரி இருந்தது. பிள்ளை அப்பம் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது.

சீக்கிரமே வண்டி நிறுத்துகிற இடத்தை ஒட்டி ஒரு அறை எழும்பியது. ஷீட்டுக் கூரை, கோயிலைப் பார்த்து ஒரு ஜன்னல். நீலப் பெயிண்டில் 'தாய்மார் அறை' என்று எழுதினார்கள். இயேசு பிள்ளைகளை மடியில் வைத்திருக்கிற படம் ஒன்றையும் கொண்டுவந்து அங்கே மாட்டினார்கள். அந்தப் படத்துக்கு அங்கேதானா இடம் கிடைத்தது? கட்டச் சொன்னவர் சபைச் செயலாளர். மாங்கூழ் கம்பெனியில் எனக்கு அவர்தான் சூப்பர்வைசர். சீசனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவர்தான் முடிவு செய்வார். "உங்க நல்லதுக்குத்தாம்மா. புள்ளைங்களும் ப்ரீயா இருக்கும், நீங்களும் ஸ்பீக்கர்ல பிரசங்கம் கேக்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஸ்பீக்கர் மூன்று மாதம் பேசியது. ஒரு மழைக்குப் பிறகு நின்றுவிட்டது. அதன் பிறகு நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து ஆராதனை நடத்தினோம். உள்ளே எழுந்தால் எழுவோம். முழங்கால் போட்டால் போடுவோம். என்ன பாட்டு, என்ன ஜெபம், ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பைக் ஸ்டார்ட் செய்கிற சத்தம்தான் கேட்கும். செயலாளரிடம் ஒருமுறை சொன்னேன். "யாருமே கம்ப்ளைண்ட் சொல்லலையேம்மா" என்றார். சொல்லவேண்டியவர்கள் எல்லாரும் அந்த அறைக்குள் இருந்தோம். கோயிலுக்குள் இருந்தவர்களுக்கு நன்றாகக் கேட்டது.

தையல் அக்கா அங்கேதான் எனக்குப் பழக்கம். ஓசூர் ரோட்டில் துணிக் கம்பெனியில் தைத்தாள். பேச்சில் பாதி கன்னடம். அவள் மகள் ஒரு இடத்தில் நிற்காது. பெட்டியின் துணியைப் பிய்த்தது அதுதான். "சும்னிரு, சும்னிரு" என்பாள் அக்கா. சும்மா இரு என்று அர்த்தம். ஒருநாள் சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "என்னாத்துக்குடி இதைச் சும்மா இருக்கச் சொல்றேன்? இங்க யாருக்கு இடைஞ்சல்?" என்று என்னைக் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு திருவிருந்து ஞாயிறு. ஆயர் பிரசங்க மேடையை விட்டு இறங்கினார். உள்ளே எல்லாரும் எழுந்தார்கள். நாங்கள் கடைசி ஆசீர்வாதம் என்று நினைத்து எழுந்தோம். ஆமென் சொன்னோம். பால் புட்டி, துண்டு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அவர்கள் எழுந்தது விசுவாசப் பிரமாணம் சொல்ல. அதற்குப் பிறகுதான் அப்பம். அடுத்த வாரம் வாசலிலேயே செயலாளர் நிறுத்தினார். "கர்த்தரோட பந்திய விட்டுட்டு என்னாம்மா அவசரம்? அடுப்புல குழம்பா?" என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு. என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

அக்கா அறைக்கு வந்தாள். பிரசங்கம் ஆரம்பித்ததும் நாற்காலி போட்டு ஏறி, ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் கழற்றினாள். இடுப்பில் பிள்ளை, கையில் பெட்டி. "ஏய், உன் பாப்பாவைத் தூக்கிட்டு வா" என்றாள் என்னிடம். நான் எழவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடு வழியாக நேரே போனாள். பிரசங்கம் நின்றது. மேடைப் படியில் பெட்டியை வைத்தாள். "ஆறு மாசமா இது பேசலீங்க ஐயா. நீங்க பேசறது எங்களுக்குக் கேக்கல. அதான் நாங்களே வந்துட்டோம்" என்றாள். நாங்கள் என்றாள். போனது அவள் ஒருத்தி. அந்தக் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

ஆயர் அவளைப் பார்க்கவில்லை. செயலாளரைப் பார்த்தார். இரண்டு பேர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திரும்ப அதே ஆணியில் மாட்டினார்கள். ஒயரைக்கூடச் சொருகவில்லை. ரிப்பேர் செய்யத் தோன்றவில்லை. தொங்கினால் போதும் என்று இருந்தார்கள்.

அக்கா இன்னும் மூன்று ஞாயிறு வந்தாள். உள்ளேதான் உட்கார்ந்தாள். அவள் வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். நாலாவது ஞாயிறு வரவில்லை. ஓசூர் பக்கம் போய்விட்டாள் என்றார்கள். அந்த மூன்று ஞாயிறும் அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். மாம்பழ சீசன் வரப்போகிறது, சூப்பர்வைசரைப் பகைக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செயலாளர் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான்.

இப்போது என் மகள் பாலிடெக்னிக் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதில்லை. கூப்பிட்டால், "அங்க எனக்கு என்னா இருக்குதும்மா?" என்பாள். போன வாரம் ஆராதனை முடிந்து கூட்டம் போட்டார்கள். வாலிபப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று பேச. செல்போன் என்றார் ஒருவர். சினிமா என்றார் ஒருவர். செயலாளருக்கு இப்போது வயதாகிவிட்டது. பதவி மட்டும் அவரிடமே இருக்கிறது. என் பக்கம் திரும்பினார். "உம் பொண்ணு ஏம்மா வரதில்ல? நீ சொல்லி வளக்கலியா?"

"அவளை வெளிய உக்காரச் சொன்னீங்க ஐயா. உள்ள வான்னு இன்னும் யாரும் சொல்லல."

டீ வந்தது. குடித்தார்கள்.

அந்த அறையில் இப்போதும் இரண்டு கைப்பிள்ளைக்காரிகள் உட்கார்கிறார்கள். செல்போனில் பொம்மைப் படம் போட்டுப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார்கள். அது என்ன பெட்டி என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இன்றைக்கு சனிக்கிழமை. கூட்டி முடித்தேன். முன்வரிசை நாற்காலிகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினேன். ஸ்டோர் ரூமிலிருந்து பழைய ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து உதறி விரித்தேன். நாளைக்கு அந்த இரண்டு பேரையும் வாசலிலேயே பிடித்து இதில் கொண்டுவந்து உட்காரவைப்பேன். நானும் பக்கத்தில் உட்காருவேன். கடைசியாக அறைக்குப் போய் நாற்காலி போட்டு ஏறினேன். பெட்டி நான் நினைத்த அளவு கனமில்லை. கொண்டுவந்து மேடைப் படியில், அக்கா வைத்த இடத்தில் வைத்தேன். தூசியைத் துடைக்கவில்லை.