குவைத்துச் சண்டையும் எங்கள் வீட்டுத் தொட்டிலும்

சண்டை வந்துவிட்டது என்று எனக்கு முதலில் சொன்னவன் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நானும் என் வீட்டுக்காரரும் அப்போது டிபன் கடை வைத்திருந்தோம். தொண்ணூறாம் வருஷம், ஆடி மாதம். பேப்பரை இலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "யக்கா, ஈராக்குக்காரன் குவைத்த புடிச்சிட்டான்க்கா! ஒரே நாள்ல!" என்றான், அவனே போய்ப் பிடித்துவிட்டு வந்த மாதிரி. என் கையில் சாம்பார் வாளி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தம்பி அங்கேதான் இருந்தான்.

தம்பி குவைத்தில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின கார்த்திகையில் லீவில் வந்து போனான். அவன் போன பிறகுதான் அவன் பெண்டாட்டி முழுகாமல் இருப்பது தெரிந்தது. செய்தி கேட்டு, பக்கத்து எஸ்டிடி பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, அத்தைக்காரி நீதான் பேர் வைக்கணும். நல்லா யோசிச்சு வை. சினிமாக்காரன் பேரு, கட்சிக்காரன் பேருன்னு வச்சித் தொலைக்காத" என்று சிரித்தான். சண்டைக்கு முன்னால் நான் கேட்ட அவனுடைய கடைசிப் பேச்சு அதுதான்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, நாக்கில் தேன் தடவி, காதில் மூன்று தடவை பேரைச் சொல்வது அப்பாவோடு கூடப்பிறந்தவளின் உரிமை. செத்துப்போன பெரியவர்கள் பேரைத்தான் முதலில் பார்ப்போம். எங்கள் அப்பா பேரை என் மகனுக்கு ஏற்கெனவே வைத்தாயிற்று. உயிரோடு இருக்கிற தகப்பன் பேரை மட்டும் பிள்ளைக்கு வைக்க மாட்டோம். வைத்தால் அந்த ஆளை முடித்துவிட்டோம் என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுக்கூடச் சொல்வதில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. போன் இல்லை, லெட்டர் இல்லை. பூத்துக்காரர் நம்பரைப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், "லைனே போவலம்மா, நான் இன்னா பண்றது" என்றார். காலையில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி ஆரம்பித்தால் நான் தோசைக் கல்லை விட்டு நகர்ந்து வந்து நிற்பேன். தோசை கருகும். ஜோர்டான் என்று ஒரு நாடு இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். நம் ஆட்கள் பாலைவனத்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர்கிறார்கள், அங்கிருந்து விமானத்தில் கூட்டி வருகிறார்கள் என்றார்கள். எத்தனையோ பேர் வந்தார்கள். என் தம்பி வரவில்லை.

கடையில் பார்த்தால் திருவிழாதான். அட பாவிகளா! என் தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை, இவர்கள் பொங்கலுக்குக் கொஞ்சம் சட்னி ஜாஸ்தி ஊற்றச் சொல்லிவிட்டு, அமெரிக்காக்காரன் கப்பல் வந்தால் ஈராக்குக்காரன் எத்தனை ராக்கெட் விடுவான் என்று பேசுகிறார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றது யார் தெரியுமா? என் தம்பி பெண்டாட்டியின் சொந்த அண்ணன்! ரிஷிவந்தியத்துக்காரன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கட்சி வேலை என்று தினம் காலையில் டவுனுக்கு வந்துவிடுவான். அவன் ஏதோ ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து ஈராக் அதிபரின் படத்தைக் கத்தரித்து, என் கடைச் சுவரில் காலண்டருக்கு மேலே ஒட்டிவிட்டான். மீசையும் தொப்பியுமாக அந்த ஆள் என் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கிழித்தேன்.

"இன்னாக்கா, வீரன போயி கிழிச்சிட்டீங்க!"

"ஏம்ப்பா, ஒன் தங்கச்சி புருஷன் அங்க மாட்டிக்கினு கெடக்குறான். அவன மாட்டி வச்சவன் படத்த என் கடையில ஒட்டுறியே, ஒனக்கே நல்லாருக்கா?"

"மாப்ளைக்கு ஒன்னும் ஆவாதுக்கா. அவரு இந்தியாவுக்கு தோஸ்து. நம்ம ஆளுங்க மேல கைய வைக்க மாட்டாரு" என்றான். தங்கச்சி மேல் உயிரையே வைத்திருந்தவன் அவன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சொல்கிற மாதிரி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னான். அதுதான் எனக்குப் பகீரென்றது.

அவனுடைய அப்பா வேறு ரகம். பெரியவர் நிலம் நீச்சு உள்ள விவசாயி. மூன்று வருஷத்துக்கு முன் இட ஒதுக்கீடு கேட்டு ஊரே சாலை மறியல் செய்ததே, அப்போது புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டவர்களில் இவரும் ஒருவர். போலீஸ் லத்தியில் இடது முழங்கால் போனது. அதிலிருந்து நொண்டிதான். இந்த ஆடியில், குவைத்தைப் பிடித்த அதே வாரத்தில், டெல்லியில் பிரதமர் பிற்பட்டவர்களுக்கு வேலையில் ஒதுக்கீடு என்று அறிவித்தார். பெரியவர் கடைக்கு வந்து எல்லா மேசைக்கும் மைசூர்பாகு கொடுத்தார். "நான் நொண்டுனது வீண் போவலம்மா" என்றார். அதைக் கேட்டு நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அதற்கப்புறம் தினமும் அப்பனும் மகனும் என் கடைப் பேப்பரைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மகனுக்குச் சண்டைப் பக்கம், அப்பாவுக்கு டெல்லிப் பக்கம். வடக்கே ஒதுக்கீடு வேண்டாம் என்று படிக்கிற பிள்ளைகள் தங்களையே கொளுத்திக்கொண்ட செய்தி வந்த அன்று பெரியவர் காபியைத் தொடவில்லை. "இன்னாத்துக்கும்மா அந்தப் புள்ளைங்க இப்பிடிப் பண்ணிக்குதுங்க? பெத்தவங்க தாங்குவாங்களா?" என்று என்னைக் கேட்டார். இரண்டு பக்கத்தையும் நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒன்றிலும் என் தம்பி இல்லை.

புரட்டாசியில் மார்க்கெட் பக்கம் ஒரு பொதுக்கூட்டம். மெட்ராஸிலிருந்து பெரிய தலைவர் ஒருவர் வந்தார். தம்பியின் மச்சான்காரன்தான், "மனு எழுதிக்கினு வாங்கக்கா, நானே கைல குடுக்க வக்கிறேன்" என்றான். தம்பி பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி விலாசம் எல்லாம் என் மகனை விட்டு எழுதி எடுத்துக்கொண்டு போய், மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். தலைவர் பாதி நேரம் குவைத்தைத்தான் பேசினார். எண்ணெய்க் கிணறு என்றார், வல்லரசின் பேராசை என்றார், உலகப் படமே மாறப் போகிறது என்றார். கைத்தட்டல் காதைப் பிளந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தவருக்கு என் தம்பியைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

கார் ஏறும்போது மனுவைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். "குவைத்தா... அது சவுதியிலதானேம்மா இருக்கு?" என்று கேட்டார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மனுவைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவர் அதை மாலைகளோடு சேர்த்து சீட்டில் போட்டார், கார் போய்விட்டது. மேடையில் இன்னும் மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் ரோட்டிலேயே நின்றேன். நாம் யாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். என் வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் பிள்ளை பிறந்திருந்தது. ஆண் குழந்தை. அம்மா வீட்டில், ரிஷிவந்தியத்தில். முப்பதாம் நாள் தொட்டில் போடுகிறார்கள். தேனுக்காகக் காத்திருந்து, கச்சிராயபாளையம் பஸ்ஸில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற ஆளிடம் வாங்கினேன். பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தபடி, "யாரு புள்ளைக்கு?" என்றார். தம்பி பிள்ளைக்கு என்றேன். "தம்பி ஊருலதான் இருக்காரா?" என்று சும்மாதான் கேட்டார். தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பேர் யோசிக்கவே இல்லை நான். யோசிக்க உட்கார்ந்தால் தம்பி சிரித்த சிரிப்புதான் காதில் கேட்டது. ஆனால் ரிஷிவந்தியத்தில் போய் இறங்கியதும் பார்த்தால், அங்கே பிள்ளைக்கு இரண்டு பெயர்கள் தயாராக இருந்தன.

"அந்த ஈராக்கு தலைவர் பேரு வைக்கலாம்க்கா. ஒலகமே பயப்படுற பேரு!" என்றான் மச்சான்காரன்.

"எட்றா அந்தாண்ட! பிரதமர் பேர வைம்மா. நம்ம பேரப் புள்ளைங்களுக்கு வேலை குடுத்த மகராசன்" என்றார் பெரியவர்.

"அப்பா, ஒன் பிரதமரு இன்னும் எத்தினி நாளு நாற்காலில குந்திக்கினு இருப்பாரோ!"

"ஒன் ஆளு மட்டும் இன்னா, நெலச்சி நின்னுடுவானா?"

சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் நிஜமாகவே கோபப்பட்டார்கள். பந்தலில் வாழையிலை போட்டாயிற்று, பாயசம் ஆறுகிறது. ஒருத்தர் வாயிலாவது, ஒருத்தர் வாயிலாவது அந்தப் பிள்ளையின் அப்பனைப் பற்றி ஒரு சொல் வர வேண்டுமே! எனக்குக் கொதித்தது. "யோவ், நிறுத்துங்கய்யா!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து என் தம்பி பெண்டாட்டியின் குரல் வந்தது. காலையிலிருந்து வாயே திறக்காத பெண்.

"அண்ணி, அவுரு பேரயே வச்சிடுங்க."

அந்தப் பெண் புருஷன் பேரை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவள் அழக்கூட இல்லை, தொட்டில் புடவையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதமாக அண்ணன் ராக்கெட்டையும் அப்பா ஒதுக்கீட்டையும் படித்துப் படித்துச் சொன்ன வீட்டில், அவள் தனக்குள்ளேயே கணக்கை முடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான்காரன் முகம் வெளுத்துப்போயிற்று. "பாப்பா... இன்னா பேச்சு இது..." என்றான்.

எனக்குச் செத்துப் போகலாம் போல இருந்தது. அவளைத் திட்டவா, கட்டிக்கொண்டு அழவா? எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பேர் வைக்க வேண்டியவள் நான்தானே. தேன் பாட்டிலைத் திறந்து, பிள்ளை நாக்கில் தொட்டு வைத்தேன். சப்புக் கொட்டியது. அப்புறம் குனிந்து, அதன் காதில் யாருக்கும் கேட்காதபடி மூன்று தடவை சொன்னேன்: "ஒங்கப்பன் வருவான்டா. அவனே வந்து வைப்பான்."

நிமிர்ந்து, "ஆச்சு, எல்லாரும் சாப்பிடுங்க" என்றேன். என்ன பேர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் நல்ல மழை. காலை வியாபாரம் மந்தம். மச்சான்காரன் ஓரத்துப் பெஞ்சியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் சத்தம் போட்டுப் படிப்பதில்லை. மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு ஆள் கடை வாசலில் வந்து நின்றான். தாடி, ஒட்டிய கன்னம், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். முழுக்க நனைந்திருந்தான். "உள்ள வந்து குந்துப்பா, ஏன் மழையில நிக்கிற" என்றேன்.

"அக்கா" என்றான்.

வாளி எங்கே விழுந்தது, சாம்பார் யார் மேல் கொட்டியது, எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தேன். எலும்புதான் இருந்தது. மச்சான்காரன் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தம்பி யாரையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான்.

"இன்னா கொழந்தக்கா?"

"பையன்டா. சிங்கக்குட்டி மாதிரி இருக்கான்."

தம்பி பிளாஸ்டிக் பையைக் கை மாற்றிப் பிடித்தான். அடுத்ததைக் கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது.

"என் பேர வச்சிட்டீங்களா?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். என்ன கேட்கிறான் என்று அவர்களுக்கும் தெரியும், எல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள்தானே.

"யாரு பேரும் வைக்கலடா. ஒங்கப்பன் வந்துதான் வைப்பான்னு அவன் காதுல சொல்லி வச்சிருக்கேன்" என்றேன்.

அவன் அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டான். "அந்தப் பாலைவனத்துல, கூடாரத்துல படுத்துக்கினு தெனம் அதான்க்கா நெனப்பு" என்றான். "இந்நேரம் என் பேர வச்சிருப்பாங்க, இனிமே நான் வூட்டுக்குப் போனா அவங்கதான் பயப்படுவாங்கன்னு."