கெபிசோன் மனப்பாடம் செய்த கெபிசோன்

கருவாட்டுக் கடை கெபிசோன் ஒரு சாந்த சொரூபி. ஏதென்ஸ் நகரத்தில் இதை நம்பிய ஆள் ஒருவர் உண்டு. அவர் பெயர் கெபிசோன்.

ஒருமுறை டெல்ஃபிக்கு யாத்திரை போன இடத்தில், கோயில் சுவரில் 'உன்னையே நீ அறிவாய்' என்று வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்தார். அடடா, இது நம் வாடிக்கையாளர்களுக்கென்றே எழுதியதல்லவா என்று தோன்றியது. அன்றிலிருந்து யாராவது கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தால், சந்தையே திரும்பிப் பார்க்கும்படி, "உன்னை நீ அறிஞ்சுக்கய்யா மொதல்ல! அப்புறம் மீனை மோந்து பாக்கலாம்!" என்பார். பதினெட்டு வருடங்களாக இந்த உபதேசம் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. உபதேசித்தவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

பக்கத்துப் பூண்டுக் கடைக்காரன் மிக்கியோன் ஒரு நாள் கீழே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டான். கெபிசோன் அப்போது அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது உண்மை. காலடியில் கருவாட்டுத் தண்ணீர் வழிந்து கிடந்ததும் உண்மை. ஆனால் கெபிசோன் அடித்தே தள்ளிவிட்டார் என்று மிக்கியோன் வழக்குப் போட்டான். அடிமையல்லாத ஒருவனைச் சந்தையில் வைத்து அவமானப்படுத்திய குற்றம். தண்டனையாக அவரை ஊரைவிட்டே துரத்தும்படி கேட்டிருந்தான்.

ஏதென்ஸில் வழக்கு என்று வந்தால் அவரவர் வாயால்தான் பேச வேண்டும். பேச்சை எழுதித் தர மட்டும் ஆள் உண்டு. தெலெசினோஸ் என்ற எழுத்தர் கெபிசோனை எதிரில் உட்கார வைத்து, மதியம் முழுவதும் பேசவிட்டுக் கேட்டார். மூன்றாம் நாள் சுருளை விரித்து வாசித்தார்.

"ஏதென்ஸ்காரங்களே, நான் கத்துவேன். காலைல எந்திரிச்சதும் ஈயை வெரட்டக் கத்துவேன். ஈ போனப்புறம், ஏன் போச்சுன்னு கத்துவேன்..."

"யாரைப் பத்திய்யா இது?" என்றார் கெபிசோன்.

"உங்களைப் பத்திதான்."

"நானா! நான் எப்பய்யா கத்தினேன்?" என்று கெபிசோன் கத்தியதில், மாடத்திலிருந்த புறாக்கள் பறந்தன.

தெலெசினோஸ் தலை நிமிராமல் தொடர்ந்தார். "கோவம் பூரா வாய் வழியாப் போயிட்டா, கைக்கு எங்கங்க மிஞ்சும்? துடுப்பு போட்ட காலத்துல எதிரிக் கப்பலைப் பாத்து நாந்தான் ரொம்பக் கத்தினேன். மோதினப்ப, பலகைக்கு அடியில சுருண்டு படுத்துக்கிட்டதும் நாந்தான்."

பலகைக்கு அடியில் படுத்தது நிஜம்தான். நடந்து இருபத்தாறு வருடங்கள். பெற்ற தாய்க்குத் தெரியாது. மனைவி பிலின்னாவுக்குத் தெரியாது.

"இதை... யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. இப்படிக் கத்துற ஆளு மோதல் நேரத்துல வேற எங்க இருந்திருப்பான்?"

வீட்டுக்கு வந்ததும் சுருளை மனைவி முன் விரித்து, கப்பல் வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு படித்துக் காட்டினார்.

"ஏம்மா, நான் இப்படியா?"

"இல்லைங்க," என்றாள் பிலின்னா, பட்டாணிக் கஞ்சியைக் கிளறியபடி. "அந்த மனுசன் ரொம்பக் கொறைச்சு எழுதியிருக்காரு."

அவமானமாகப் போயிற்று. சுருளை மனப்பாடம் செய்ததென்னவோ உண்மைதான். ஆனால் நீதிமன்றத்தில் சொந்தச் சரக்கைத்தான் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

ஐந்நூறு நீதிபதிகள். பாதிப் பேர் அவரிடம் கருவாடு வாங்கித் திட்டும் வாங்கியவர்கள். பேசும் நேரத்தை அளக்கும் நீர்க்கடிகாரத்தைத் திறந்தார்கள். கெபிசோன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேன் குழைத்த குரலில் ஆரம்பித்தார்.

"ஏதென்ஸ்காரங்களே, எறும்புக்கும் கெடுதல் நெனைக்காத சாது நான்..."

முதல் வரிசையில் ஒரு கிழவர் 'க்ளுக்' என்றார். அது பரவி, மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"என்னய்யா சிரிப்பு?" என்று வெடித்தார் கெபிசோன். "உன்னை நீ அறிஞ்சுக்கய்யா மொதல்ல! ஏய், தண்ணியை மூடுய்யா! இவங்க சிரிக்கிறதுக்கா எனக்கு நேரம் குடுத்தீங்க?"

அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பி அவர் காதிலேயே விழுந்தது. யார் இந்த ஆள்? பேச்சு நின்றுவிட்டது. கடிகாரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாதி தீர்ந்திருந்தது, மீதியும் தீர்ந்தால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அவரிடம் இருந்ததெல்லாம் சுருளில் இருந்த அந்த இன்னொரு கெபிசோன்தான்.

"ஏதென்ஸ்காரங்களே," என்றார் மெதுவாக. "நான் கத்துவேன்."

ஒன்று விடாமல் ஒப்பித்தார். கப்பல் வரி வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் அவரோடு துடுப்பு போட்டவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அதையும் சொல்லிவிட்டார்.

சிரிப்பில்லை. அந்த இருவரில் ஒருவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

நீதிபதிகள் வாக்காகப் போட்ட வெண்கல வில்லைகளை எண்ணினார்கள். துளையில்லாதவை, அதாவது விடுதலைக்கானவை, மளமளவென்று குவிந்தன. நானூற்று இருபத்தொன்று.

வெளியே வந்து தூணில் சாய்ந்தார் கெபிசோன். ஜெயித்த சந்தோஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாய்க் கஞ்சிகூடத் தன்னோடு குடிக்காத நானூற்று இருபத்தொரு பேருக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வருடங்களாகக் கூடவே குடியிருந்தவனுக்குத் தெரியவில்லையே!

மூக்கில் கட்டோடு மிக்கியோன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே."

"என்ன?"

"நீங்க பேசினதைக் கேட்டுக்கிட்டு இருந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. நான் வழுக்கித்தான் விழுந்தேன்."

"அப்புறம் ஏன்டா அடிச்சேன்னு சொன்னே?"

"பொய்யின்னு நெனைச்சுச் சொல்லலைண்ணே. பதினெட்டு வருசமா பக்கத்துல ஒக்காந்து கேக்குறேன்ல... அடி விழுந்த மாதிரியேதான் இருந்துச்சு."

கெபிசோன் வாயைத் திறந்தார். வழக்கமான அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. மிக்கியோன் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். அந்தக் கைகளைப் பார்த்தபடியே, திறந்த வாயை மூடத் தெரியாமல் நின்றார் கெபிசோன்.