நாலு கலர் பேனா

தினமும் எழுத நல்ல பால்பாயிண்ட் பேனா ஒன்று கேட்டேன். சங்கரன்கோவில் தேரடிக் கடைக்கார அண்ணாச்சி நாலு கலர் பேனாவை எடுத்து 'டக்'கென்று அமுக்கினார்.

சின்ன வயதில் எங்கள் டாக்டரிடம் அதே பேனா இருந்தது. நீலத்தை அமுக்கினால் மாத்திரை, சிவப்பை அமுக்கினால் ஊசி. ஸ்பிரிட் வாடைக்கு நடுவே அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் காய்ச்சலில் துவண்ட தம்பி அம்மா மடியில் கிடந்தான். "ஊசி வேண்டாம்னு சொல்லும்மா" என்றேன். டாக்டர் சிவப்பைத் தொடவில்லை. அதுவரை அவர் தொட்டு நான் பார்த்தேயிராத கறுப்பை அமுக்கினார்.

"இங்கன வச்சுப் பாக்க முடியாதும்மா. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க."

தம்பி திரும்பி வரவே இல்லை.

"கறுப்பையும் எழுதிப் பாக்கியளா?" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. நீலம் மட்டும் எழுதுற பேனா குடுங்க."