தம்பியின் சுருதி

என் தம்பி அருளப்பன் மாதா கோயிலில் பாடுவதை நிறுத்தியது என்னால்தான். அவன் குரல் கெட்டுப்போனதாக ஊர் சொன்னது. அது தானாகக் கெடவில்லை. நான் கெடுத்தேன்... தெரிந்தே, வேண்டுமென்றே.

ஆவூர்ப் பக்கம் வானம் பார்த்த ஊர் எங்களுடையது. ஐயாவும் ஆத்தாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பின் வீட்டில் நாங்கள் இருவர்தாம். நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவன் வயலைப் பார்த்துக்கொண்டான். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள் நான், பாடுகிறவன் அவன். மெட்டு நான் கட்டுவேன், சொல் அவன் போடுவான். கிணற்றடியில் நான் முனகிய மெட்டை, வயலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பாட்டாக்கிக்கொண்டு வந்துவிடுவான். எங்களுக்குள் பேச்சை விடப் பாட்டுத்தான் அதிகம்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. திருவிழாவுக்கென்று மாதாவின் மேல் ஒரு புதுப் பாட்டுச் செய்தோம். ஒத்திகையைக் கேட்ட பங்குச் சாமியார் அவன் தோளைத் தட்டி, "அருளப்பா, உன் பாட்டு ஊருக்கே பேர் வாங்கித் தரும்" என்றார்.

உன் பாட்டு! மெட்டு அக்காவுடையது என்று சொல்வான் எனக் காத்திருந்தேன். அவன் கூச்சத்தோடு சிரித்தான், அவ்வளவுதான். நானே வாய் திறந்து சொல்லியிருக்கலாம் அல்லவா? ஏன் சொல்லவில்லை? இன்று என்னைக் கேட்டுக்கொள்கிறேன்... அன்று கேட்கவில்லை.

தேர் கிளம்பும் முன், கோயில் வாசலில் சனம் நிறைந்து நின்ற மாலையில் பாட்டுத் தொடங்கியது. அவனுக்கு வசதியான சுருதி எது என்பது எனக்கு மட்டுமே தெரியும். அன்று அதைவிட இரண்டு கட்டை ஏற்றி வைத்தேன். ஏற்றிய சுருதிக்கு அவன் குரல் எட்டாது என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் தலை நிமிரவில்லை. பல்லவியைச் சமாளித்தான். சரணத்தில் குரல் மேலே போக முடியாமல் கிழிந்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு பலர். அவன் நிறுத்தவில்லை, அந்தக் குரலோடேயே கடைசி அடிவரை பாடி முடித்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது அவன்தான் முதலில் பேசினான்.

"சுருதி கூடிப்போச்சுல்லக்கா?"

"இல்லையே... எப்பவும் வக்கிறதுதான்."

கொஞ்ச தூரம் நடந்த பின், "அப்ப எனக்குத்தான் தொண்ட சரியில்ல. விடு" என்றான்.

அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் பழியைத் தன் தொண்டைமேல் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் அவன் கோயிலில் பாடவில்லை. மரியாயியைக் கட்டிக்கொண்டு வயலோரம் தனி வீடு போட்டான். பெண் குழந்தை பிறந்தது. வருவான், சாப்பிடுவான், சிரித்துப் பேசுவான். என் முன்னால் ஓர் அடிகூடப் பாடவில்லை.

பிறகு விஷக்காய்ச்சல் வந்தது. வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடல்தான் திரும்பி வந்தது.

அவன் பாட்டைக் கொன்றுவிட்டுத்தான் அவனைப் புதைத்தேன் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்... அது தவறு என்று எனக்குக் காட்டியவள் மரியாயி.

ஒருநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "மதினி, இவ அவுக மொகத்தயே மறந்துட்டா. பாட்ட மட்டும் மறக்கல. கேளுங்க" என்றாள்.

குழந்தை ஜெயமேரி பாடினாள். திருவிழாவுக்குச் செய்த அதே மாதா பாட்டு, என் மெட்டு! இரண்டாம் அடியின் முடிவில் ஒரு சின்ன வளைவு... நான் போடாதது, அவன் போட்டது. அதைத் தொடர்ந்து மரியாயி ஒரு சரணத்தைப் பாடினாள். நான் கேட்டறியாத சொற்கள்.

"இது எப்பச் செஞ்சான்?" என்றேன்.

"ஏர் ஓட்டயில பாடுவாக. புள்ளயத் தூங்கவைக்கப் பாடுவாக. மாடுகூட நின்னு கேக்கும் மதினி."

அவன் பாடுவதை நிறுத்தவே இல்லை. எனக்குக் கேட்காமல் பாடியிருக்கிறான். அது எத்தனை பெரிய வலி, எத்தனை பெரிய ஆறுதல் என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்?

அன்றுமுதல் மாலைகளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெட்டு என்னிடம், சரணம் மரியாயியிடம், அந்த வளைவு குழந்தையிடம். மூன்றையும் சேர்த்தபோது அவன் எங்கள் நடுவே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மரியாயி சில இடங்களில் சிரித்தாள்; "இங்க மூச்சு வாங்குவாக" என்பாள். நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாமல் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கையில் முறம் அப்படியே நின்றது.

"அவுக எங்கிட்ட ஒருநாளும் சொல்லலயே" என்றாள். பிறகு மறுபடி புடைக்கத் தொடங்கினாள். நான் எழுந்து படியிறங்கியபோது என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு வாங்க. மூணாவது அடி இவளுக்கு இன்னும் பிடிபடல."

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜெயமேரி இப்போது பள்ளியில் படிக்கிறாள். இந்த ஆண்டுத் திருவிழாவில் அந்தப் பாட்டை முழுவதும் பாடினாள், நான் வாசித்தேன். அவளுக்கு இன்னும் உண்மை தெரியாது. விவரம் புரியும் வயது வந்ததும் நானே சொல்ல வேண்டும். அதன்பின் என் பக்கத்தில் நின்று பாடுவாளா... தெரியவில்லை. பாடாமல் போகலாம். ஆனால் அவள் தன் அப்பன் பாட்டைப் பாடுவதற்கு நான் தேவைப்படக்கூடாது. அதனால் இப்போதே அவளுக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.