அன்னபாக்கியத்தின் சென்னைச் செலவு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஆறு கட்டில் போட்ட பிரசவ விடுதியை அன்னபாக்கியம் பன்னிரண்டு வருடமாக நடத்திவந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். கொழும்பிலேயே மருத்துவிச்சிப் பயிற்சி பெற்று, இருபத்தேழு வருடம் பிள்ளைப்பேறு பார்த்தவள். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று யாராவது கேட்டால், "பொம்பிளை பாக்க வந்தவைதான். அண்டைக்கு எனக்கு ரெண்டு பேறு இருந்தது" என்பாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம், ஐம்பத்தோராவது வயதில், விடுதியை உதவித் தாதி டோரினின் கையில் கொடுத்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, அக்கரையில் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பராமரிக்க மூன்று மாதப் பயிற்சி கொடுத்தார்கள். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்கு மெல்லிய குழாய் வழியாகப் பால் கொடுப்பது, உடம்புச் சூட்டை ஒரே அளவில் வைத்திருப்பது, எப்போது தொடுவது, எப்போது தொடாமல் விடுவது எல்லாம் படித்தாள். போன கையோடு, வாதம் பிடித்த கைகால்களுக்கு மின்சாரச் சூடு கொடுக்கும் முறையையும் இரண்டு கிழமை கற்றுக்கொண்டாள். முன் அறை சும்மா கிடக்கிறதே, அதில் வயதானவர்களுக்கு ஒரு சிகிச்சை தொடங்கலாம் என்று எண்ணம்.

திரும்பி வந்தபின் விடுதியில் ஒன்பது குழந்தைகள் நாலு இறாத்தல் எடைக்குக் குறைவாகப் பிறந்தன. ஏழு பிழைத்தன. அந்த வேலையை ஒருத்தியே இரவும் பகலும் செய்ய முடியாது என்பது மூன்றாவது குழந்தையிலேயே தெரிந்துவிட்டது. டோரினையும் அதே பயிற்சிக்கு அனுப்ப முடிவு செய்து, ஆஸ்பத்திரிக்கு எழுதி ஓர் இடமும் கேட்டு வைத்தாள். அடுத்த மாத முடிவுக்குள் பணம் அனுப்பினால் இடம் உறுதி என்று பதில் வந்தது.

அந்த வேளையில்தான் வருமான வரிப் படிவம் வந்தது.

படிவம் நிரப்புவது அக்காவின் புருஷன் முத்துலிங்கத்தின் பொறுப்பு. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். இடமாற்றமோ சம்பள உயர்வோ வேண்டியவர்கள் பக்கத்துப் பாமன்கடைப் பகுதியிலிருந்தும் அவரிடம் மனு எழுதுவிக்க வருவார்கள். அவருடைய மனுவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காலில் விழ வேண்டும். அடுத்ததாகத் தன் அறியாமையைச் சொல்லி அழ வேண்டும். துரையின் கருணையைப் புகழ்ந்து முடித்த பிறகே விஷயத்துக்கு வர வேண்டும். பல பேருக்கு இது பலித்திருந்தது.

சென்னைச் செலவையும் விடுதிச் செலவோடு சேர்த்து வருமானத்தில் கழித்துக் காட்டி, காரணம் விளக்கி ஒரு கடிதமும் இணைத்தார். அன்னபாக்கியம் அதை வாசிக்கவில்லை. உள்ளே ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருந்தாள். கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஐந்து கிழமையில் பதில் வந்தது. பயிற்சிக்கு முன் இத்தொழிலைச் சற்றும் அறியாதவராக இருந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இது நடந்துவரும் தொழிலின் செலவு அல்ல, புதிய தொழிலைத் தொடங்க இட்ட முதல், கழிக்க முடியாது, மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு நேரில் வரவும். அவ்வளவுதான்.

அன்னபாக்கியம் முத்துலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அத்தான், என்ன எழுதினனீங்கள்?"

அவர் நகலை எடுத்து வாசித்தார். "'ஏதுமறியாப் பேதையாகிய அடியாள், குறைமாதச் சிசுக்களைக் காக்கும் வித்தையில் அரிச்சுவடியும் அறியாது இருளில் கிடந்தேன்...'"

"நானோ?"

"பிள்ளை, பணிவாய்த்தானே எழுத வேணும். எனக்கு எல்லாம் தெரியும் எண்டு எழுதினால் துரை ஏன் இரங்கப்போறார்?"

"இரங்கினாரோ இப்ப?"

முத்துலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வரி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். ஆனால் இந்த வருடம் கூடுதல் வரி, அடுத்த வருடம் டோரினின் செலவுக்கும் அதே கதை என்றால் விடுதி தாங்காது. டோரினின் பயணத்தை நிறுத்த வேண்டியதுதான்.

"ஆதாரம் கேக்கினம். பேற்றுப் பதிவேடு கிடக்கு. அதைக் கொண்டுபோறன்" என்றாள் அன்னபாக்கியம்.

முத்துலிங்கம் திடுக்கிட்டார். பன்னிரண்டு வருடப் பதிவேடு அது. சென்னைக்குப் போகுமுன் பிறந்த குறைமாதக் குழந்தைகள் முப்பத்தொன்று அதில் இருந்தன. அவற்றில் பதினேழு இறந்தவை. அன்னபாக்கியம் எதையும் அழித்து எழுதுகிறவள் அல்ல.

"விசர்க்கதை கதையாதை. பதினேழு சாவைக் கொண்டுபோய்க் கந்தோர் மேசையிலை பரப்பப் போறியோ? ஆரும் ஒரு கிளாக்கர் வெளியிலை சொன்னால் நாளைக்கு இந்தப் படலைக்குள்ளை ஆர் வருவினம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விடுதியின் மூலதனமே அதன் நல்ல பெயர்தான்.

அப்போது நாலாம் கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது. முதல் நாள் பெண் குழந்தை பெற்றுப் படுத்திருந்த பஹ்மியா. அவள் புருஷனுக்குக் காலி வீதியில் துணிக்கடை.

"மிஸி, என்ட தலப்புள்ளயும் அந்தப் பொத்தகத்துல ஈக்கிதா?"

அன்னபாக்கியம் கட்டிலருகே போனாள். "ஓம். நாப்பத்துமூண்டாம் வருசம். மூண்டேகால் இறாத்தல்."

"மூணு நாள்தான் உசிரோட ஈந்திச்சி."

"அதுவும் எழுதியிருக்கிறன்."

"அப்ப கொண்டு போங்க. நான் எல்லாந் தெரிஞ்சிதானே திரும்பவும் இங்க வந்த. ஊருக்குத் தெரிஞ்சா மட்டும் என்ன?" பிறகு வாசல் பக்கம் தலையைத் தூக்கி, "கிளாக்கர் மாமா, நீங்க கொஞ்சம் மெதுவாச் சத்தம் போடுங்க. இப்பதான் புள்ள உறங்கிச்சி" என்றாள்.

முத்துலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அன்னபாக்கியம் தாய்மாரின் பெயர்கள் இருந்த பத்தியின் மேல் பக்கம் பக்கமாகக் கடதாசித் துண்டு வைத்து ஊசி குத்தினாள். பதிவேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கினாள்.

வரிக் கந்தோரில் அவளுடைய கடிதக் கோவையைப் பார்த்தவர் றேமண்ட் என்ற பறங்கியர். நாற்பது வயதிருக்கும். தமிழ் நன்றாகவே பேசினார்.

"இந்தக் கடிதம் நீங்க எழுதினதா, நேர்ஸ்?"

"கையெழுத்து என்ரை."

"பேதை எண்டு போட்டிருக்கு."

"அது மனு எழுதுற முறை, ஐயா. கடிதத்திலைதான் பேதை. இதிலை பாருங்கோ."

அவர் பதிவேட்டைத் திறந்தார். கடதாசித் துண்டைத் தொட்டு, "இது ஏன்?" என்றார்.

"தாய்மாரின்ரை பேர் உங்களுக்கு வேண்டாம். திகதியும் நிறையும் போதும்."

றேமண்ட் சிரித்தார். நாலு இறாத்தலுக்குக் குறைந்தவற்றைப் பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனார். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. திரும்பவும் எண்ணினார்.

"பதினேழு."

"பதினேழுதான்."

"அப்ப என்ன செய்தீங்க இதுகளுக்கு?"

"பிஸ்கற் தகரத்துக்குள்ளை பஞ்சு பரப்பி, ரெண்டு பக்கமும் சுடுதண்ணிப் போத்தல் வைச்சனான். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாத்தினனான். பாலைத் துணியிலை நனைச்சு வாயிலை விட்டனான். சிலது பிரைக்கேறிச் செத்தது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அது காணாதெண்டு படிக்கப் போனனான். புதுத் தொழில் இல்லை ஐயா, செய்த தொழிலை ஒழுங்காய்ச் செய்யப் போனது."

"போய் வந்த பிறகு?"

"கடைசி மூண்டு பக்கம் பாருங்கோ. ஒன்பதிலை ஏழு."

றேமண்ட் பார்த்தார். கோவையில் ஏதோ நாலு வரி எழுதினார். பிறகு அதில் இணைத்திருந்த செலவுப் பற்றுச்சீட்டுகளில் ஒன்றைத் தனியே எடுத்தார்.

"இந்த மின்சாரச் சிகிச்சைக்கு இப்படி ஒரு புத்தகம் இருக்கா?"

"இல்லை. அது நான் முந்திச் செய்யேல்லை."

"அப்ப இது புதுத் தொழில்."

"ஓம். வெட்டுங்கோ."

"சண்டை பிடிக்க மாட்டீங்களா? எல்லாரும் பிடிக்கிறாங்க."

"அதுக்கு நேரமில்லை. விடுதியிலை ஒருத்திக்கு இண்டைக்குப் பேறு நாள்."

பத்து நாளில் கடிதம் வந்தது. மூன்று மாதப் பயிற்சியின் கட்டணமும் தங்கிய செலவும் பயணச் செலவும் கழிக்கப்பட்டன. இரண்டு கிழமைப் படிப்பு கழிக்கப்படவில்லை. அன்னபாக்கியம் அதற்குரிய வரியை அன்றே கட்டினாள். கொடுக்க வேண்டியதுதானே என்று அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை.

முத்துலிங்கம் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். "பாத்தியோ? முதல் கடிதத்திலை இருந்த பணிவுதான் அந்த மனிசன்ரை மனசிலை கிடந்து வேலை செய்திருக்கு."

"இருக்கும் அத்தான்" என்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

டோரின் குசினி வாசலில் நின்றாள். முப்பது வயது. கொழும்பை விட்டு எங்கும் போகாதவள்.

"மிஸி, எனக்கு அந்தப் பக்கத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?"

"கொள்ளாது. நாலு நாள் வயித்தாலை போகும். பிறகு சரி வரும்."

"நான் இல்லாம நீங்க எப்படி?"

"நீ வர முந்தியும் பிள்ளையள் பிறந்ததுகள்தானே. காசு குடுக்கிற இடமெல்லாம் பற்றுச்சீட்டு வாங்கு. தராமல் பஞ்சிப்பட்டு இழுத்தடிச்சால் வாசலிலை நில்."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அன்னபாக்கியம் குடையை எடுத்துக்கொண்டு காலி வீதித் தபாற் கந்தோருக்கு நடந்தாள். மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. டோரினின் பெயரில் சென்னைக்கு மணியோடர் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்து, பணத்தைக் கட்டினாள். திரும்பி வந்தபோது விடுதியின் வாசல் படலையில் ஒரு றிக்‌ஷோ நின்றது. உள்ளே இருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்க முயன்றாள். அன்னபாக்கியம் குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, அவளுடைய கையைப் பிடித்தாள்.

"எத்தினை மாசம்?"

"ஒன்பது முடிஞ்சுது, மிஸி."

"நல்லது. மெல்ல வா" என்றாள்.