சிவகோத்திரத்து அமெரிக்க ஜனாதிபதி

அன்று வெள்ளிக்கிழமை மாலை எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்: பூசாரி அண்ணன், நான், என் மனைவி, என் மகள், அப்புறம் படிக்கு வெளியே செருப்போடு நின்ற என் மனைவியின் தம்பி. அவன் மூன்று வருடமாகப் பசறை டவுனில் ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் போகிறான். கோயிலுக்குள் வரமாட்டான். ஆனால் உள்ளே நடப்பதில் ஒன்றையும் விடவும் மாட்டான்.

நாங்கள் போன காரணம் அமெரிக்கா. மகள் பதுளைப் பக்கம் கார்மண்ட் என்கிற ஒரு தையல் ஃபெக்டரியில் காற்சட்டைக்குப் பை தைக்கிறாள். தைப்பதெல்லாம் கப்பலேறி அங்கேதான் போகிறது. அந்த நாட்டு ஜனாதிபதி நம் நாட்டுச் சாமானுக்குப் பெரிய வரி போட்டுவிட்டார் என்று அந்த வாரம் செய்தி. ஓடர் குறைந்தால் கடைசியாகச் சேர்ந்த பிள்ளைகளைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்று கார்மண்டில் பேச்சு. மகள் சேர்ந்து ஐந்து மாதம்தான்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பசறையில் ஆட்டோ ஓட்டுகிறேன். மழை பெய்தால் மலை சரியுமோ என்று பயப்படுவேன். பெய்யாவிட்டால் கொழுந்து இருக்காதே என்று பயப்படுவேன். இப்போது பயப்படுவதற்கு இன்னொரு கண்டமும் சேர்ந்துகொண்டது.

பூசாரி அண்ணன் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு அர்ச்சன?" என்றார்.

நான் மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மனைவி, "அவ பேருக்கு எதுக்கு? அவ என்ன வரியா போட்டா? போட்டவரு மனசுதானே மாறணும். அவரு பேருக்கே பண்ணுங்கண்ணே" என்றாள்.

பூசாரி அண்ணன் அசரவில்லை. தோட்டத்து ஃபெக்டரியில் இருபது வருடம் மெசின் பார்த்த மனிதர், எதற்கும் அசரமாட்டார். "நட்சத்திரம்?" என்றார்.

மகள் போனில் பிறந்த தேதியை எடுத்தாள். "நேரம்?" என்றார் அவர். நேரம் கிடைக்கவில்லை. "அங்க பகல்னா இங்க ராத்திரி. நட்சத்திரம் மாறிப்போகும். சரி, நட்சத்திரத்த விடு. கோத்திரம்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"தெரியாதவங்களுக்கெல்லாம் சிவகோத்திரம். அதுக்கு ஒரு கொறயும் வராது" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வெளியே மச்சினன் சிரித்தான். "மச்சான், வீண் செலவு. அவரு தோள்ல பாஸ்டர்மார் பத்துப் பேர் கை வச்சு ஜெபம் பண்ணியாச்சு. இங்க பாருங்க." போனை உயர்த்திக் காட்டினான். பெரிய மேசை, கண்ணை மூடிய ஜனாதிபதி, சுற்றிலும் கோட்டுப் போட்டவர்கள், தோளெல்லாம் கை.

"ஒப்பீசுலயேவா?" என்றேன்.

"ஒப்பீசுலதான். அங்க சட்டத்துல அரசாங்கத்துக்குன்னு மதம் வைக்கக் கூடாது மச்சான். ஆனா வோட்டு வேணும்னா சபைக்கு வந்து நிக்கணும். பேசி முடிக்கையில ஆண்டவர் ஆசீர்வதிப்பாராகன்னு சொல்லணும். சொல்லாட்டி சனம் ஒரு மாதிரியாப் பாக்கும்."

"காசு நோட்டுலயும் கடவுள நம்புறோம்னு அடிச்சிருக்காங்கப்பா" என்றாள் மகள். "எந்தக் கடவுள்னு போடல."

"போடாததே நல்லது. நம்ம ஆத்தான்னே வச்சுக்குவோம்" என்றாள் மனைவி.

பூசாரி அண்ணன் கற்பூரத்தைத் தேடிக்கொண்டே, "இங்க மட்டும் என்ன? வோட்டுக் கேக்க வந்தவரு இதே வாசல்ல தேங்கா ஒடச்சாரு. கூரைக்குத் தகரம் குடுத்தாரு. ஆணி, ஜெயிச்சப்பறம் தாரேன்னாரு" என்றார். திரும்பிப் பார்த்தேன். தகரம் சுவரில் சாய்த்தபடியே இருந்தது.

எனக்கு வேறு கவலை பிடித்தது. அந்த மனிதரின் தோளில் ஏற்கெனவே ஒரு சாமி. நாங்கள் இன்னொன்றை ஏற்றுகிறோம். இரண்டுக்கும் பிணக்கு வந்தால் நடுவில் நசுங்குவது யார்? பை தைக்கிற பிள்ளைதானே.

அதற்குள் மணி அடித்துவிட்டது. பூசாரி அண்ணன் எல்லாருக்கும் சொல்வதையே இவருக்கும் சொன்னார். ஆயுள் கேட்டார், ஆரோக்கியம் கேட்டார், குடும்பத்துக்கு க்ஷேமம் கேட்டார். கடைசியில் குரலை உயர்த்தி, "எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகணும் தாயே!" என்றார்.

அந்த மனிதர் எடுத்த காரியமே வரிதானே!

"அண்ணே, நிப்பாட்டுங்க! அது மட்டும் வேணாம்!"

"சொன்னது சொன்னதுதான் தம்பி. வாபஸ் வாங்க இது என்ன நொமினேசனா?"

மகள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே மச்சினன், "ஆமென்!" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டென்று சன்னிதி முன்னால் விழுந்து, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ஆத்தா, கடைசியாச் சொன்னத காதுல வாங்காத. என் பிள்ள வேல நிலைச்சா ஒனக்கு ஐயாயிரம் ரூபா."

எழுந்தபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "ரெண்டாயிரம்னு சொன்னா ஆத்தாவுக்குக் கேக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரமே வரியைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு குறைத்தார்கள்; முழுதாக எடுக்கவில்லை. கார்மண்டில் ஓவர்டைமை வெட்டினார்கள். மகளை நிறுத்தவில்லை. சில மாதம் கழித்து அவளுக்கு நிரந்தரக் கடிதமும் வந்தது. மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், நான் ஏதாவது விட்டுவிட்டேனோ என்று.

மச்சினன் அது பாஸ்டர்மார் கை வைத்த பலன் என்கிறான். வேண்டுமானால் என் காணிக்கையில் பாதியைச் சபைக்குக் கொடுக்கலாமாம். நான் பூசாரி அண்ணனிடம் போய், வரி பாதிதானே போயிற்று, நேர்த்திக்கடனும் பாதி ஆகுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீ வரிக்கா நேந்த? வேலைக்குத்தானே நேந்த. வேல பாதியாவா நிலைச்சிருக்கு?" என்றார்.

சம்பளம் வந்த மாதமெல்லாம் மகள் ஐந்நூறு தருகிறாள், நான் உண்டியலில் போடுகிறேன். மூன்று தடவை போட்டாயிற்று. ஆத்தாவுக்கு இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.