உதயகலாவுக்குக் கிடைக்காத குளிசை

நூற்றைம்பத்தொன்று. கோப்பாயில் உதயகலாவைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணும் தெரியும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் இருநூறுக்கு ஒரு பையன் எடுத்துச் சித்தியடைந்த புள்ளி அது. எடுத்தவன் அவளுடைய மகன் அல்ல, தங்கை ஆரபியின் மகன் கீர்த்திகன்.

ஒரே காணியைப் பிரித்துத்தான் இருவருக்கும் சீதனம் கொடுத்தார்கள். நடுவில் கிடுகுவேலி, அதில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு பொட்டு. கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் அதன் வழியே போய்வந்தன. கிணறு ஆரபியின் பக்கம் விழுந்தது உதயகலாவின் முதல் மனக்குறை. கலியாணம் முதலில் நடந்தது அவளுக்கு, பிள்ளை முதலில் பிறந்தது ஆரபிக்கு. இது இரண்டாவது.

ஒரு விடயத்தில் மட்டும் அவளுக்கு ஆறுதல் இருந்தது. கீர்த்திகன் ஊரறிந்த குழப்படிக்காரன். வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டான். படலையைத் திறந்தால் றோட்டுக்கு ஓடுவான். ஒருமுறை பஸ்ஸுக்கு முன்னால் விழுந்து மயிரிழையில் தப்பினான். தன் மகன் பிரவீணன் எவ்வளவோ மேல் என்று உதயகலா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு ஆரபி மகனை யாழ்ப்பாணத்தில் சிறுவர் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். பல மாதம் போய்வந்தபின், அவனுக்குக் கவனத்தில் குறைபாடு என்று சொல்லித் தினமும் விழுங்கக் குளிசை எழுதினார்கள். கீர்த்திகன் கதிரையில் இருக்கத் தொடங்கினான். கோயிலில் தேவாரம் பாடி முடியும்வரை அசையாமல் நின்றான். அந்த வருடம்தான் நூற்றைம்பத்தொன்று வந்தது.

இப்போது ஊர் பிரவீணனைக் குழப்படிக்காரன் என்றது. அவனுக்கு அடுத்த வருடம் அதே பரீட்சை. அந்தக் குளிசை தன் மகனுக்கும் வேண்டும் என்று உதயகலா முடிவெடுத்தாள்.

கிளினிக்கில் பிரவீணன் அவளைக் கைவிட்டான். வீட்டில் மாமரத்தை விட்டு இறங்காதவன், மருந்து வாசனை பட்டதும் கைகட்டி உட்கார்ந்துவிட்டான். டொக்டர் கேட்டதற்கெல்லாம் "ஓம் மிஸ்" என்றான்.

"உவன் நடிக்கிறான் டொக்டர்," என்றாள் உதயகலா.

டொக்டர் அவசரப்படவில்லை. வீட்டில் எப்படி, வகுப்பில் எப்படி என்று நிறையக் கேட்டார். வகுப்பாசிரியை செல்வநாயகியிடமும் தொலைபேசியில் விசாரித்தார். வாய் ஓயாது, ஆனால் கொடுத்த வேலையை முடித்துவிடுவான் என்றார் ரீச்சர். இது மருந்து கொடுக்கவேண்டிய வருத்தம் இல்லை, வெறும் குழப்படி, அதற்குக் குளிசை இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவன் போகும் மூன்று ரியூசன் வகுப்புகளில் ஒன்றை நிறுத்தி அவனை விளையாட விடச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் உதயகலா குமுறினாள். "அவளின்ரை பிள்ளைக்கு எண்டால் வருத்தம். என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் குழப்படி?"

வீட்டுக்கு வந்ததும் வேலிப்பொட்டுக்குள்ளால் குனிந்து போனாள். ஒரு கிழமைக்குக் குளிசை தரும்படி, உப்புக் கேட்பதுபோலத் தங்கையிடம் கேட்டாள். காய்ச்சல் குளிசையும் இருமல் பாணியும் அந்தப் பொட்டு வழியே போய்வந்தவைதானே.

ஆரபி மேசையைக் காட்டினாள். மத்தியானம் போட்ட சோறு கோப்பையில் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. குளிசை போட்டால் கீர்த்திகனுக்கு மத்தியானத்தில் பசிக்காது. காற்சட்டையை இடுப்பில் இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் எடை நிறுத்துப் பார்க்கிறார்கள்.

"உன்ரை பெடியன் கத்திக் கத்திச் சோறு கேக்கிறது இஞ்சை கேக்கும். எனக்கு வயிறு எரியும், அக்கா. இவன் றோட்டிலை அடிபட்டுச் சாகக்கூடாது எண்டு குடுக்கிறன். உன்ரையவனுக்கு என்னத்துக்கு?"

தங்கைக்குத் தன்மேல் பொறாமை இருக்கும் என்று உதயகலா ஒருநாளும் நினைத்ததில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"நூற்றைம்பத்தொண்டு வந்ததுதானே," என்று விடாமல் சொன்னாள்.

"அதை அவன் எடுத்தவன். குளிசை இல்லை."

உதயகலா வெறுங்கையோடு திரும்பினாள். டொக்டர் சொன்னபடி சனிக்கிழமை ரியூசனை நிறுத்திவிட்டாள். பிரவீணனுக்குப் பரீட்சை வரும் ஆவணியில். குளிசை இல்லாமல் எழுதுகிறான்.